பனங்கற்கண்டுப் பால் குரல் நாணைத் தொடுமா?

கேள்வி: 9 ஜூன் 2023, இரவு 10:15

அப்பா தள்ளுவண்டியில் காய்கறி விற்கிறார். வயது 56. இரண்டு மாதமாகத் தொண்டை கட்டியிருக்கிறது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. டயரில் காற்று இறங்கின மாதிரி புஸ் புஸ் என்று பேசுகிறார். தண்ணீர் குடித்தால் அடிக்கடி புரையேறுகிறது, வயசாகிவிட்டது என்கிறார். பக்கத்து வீட்டுத் தாத்தா பனங்கற்கண்டும் மிளகும் போட்ட பாலை அண்ணாந்து மெதுவாக விழுங்கச் சொல்கிறார், குரல் நாணில் பட்டால்தான் குணமாகுமாம். எத்தனை நாள் குடிக்க வேண்டும்?

10 ஜூன், காலை 5:50

படாது தம்பி. எத்தனை நாள் குடித்தாலும் படாது. குரல் நாண் இருப்பது மூச்சுக்குழாயின் வாசலில். பால் போவது அதற்குப் பின்னால் இருக்கும் உணவுக்குழாயில். வழி தவறி ஒரு சொட்டு நாண் மேல் விழுந்தால் புரையேறும், கண்ணில் நீர் முட்டும், அம்மா உச்சந்தலையில் தட்டி "யாரோ நினைக்கிறாங்க" என்பார். யாரும் நினைக்கவில்லை, குரல்வளை தன் வேலையைப் பார்க்கிறது, அவ்வளவுதான்.

அண்ணாந்து விழுங்குவதை இன்றே நிறுத்துங்கள். அப்படிக் குடித்தால் புரையேறுவதுதான் கூடும்.

மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய் "உள்ளே பாருங்கள்" என்று கேட்க வேண்டும். நீங்கள் இரண்டு மாதம் என்கிறீர்கள்.

நான் மருத்துவர் இல்லை. 22 வருடமாகக் கணக்கு டீச்சர். தொண்டை கெட்டதால் தொண்டையைப் பற்றித் தெரிந்துகொண்டவள்.

10 ஜூன், இரவு 9:20

என் கதையைக் கேட்கிறார்கள். சொல்கிறேன்.

அறுபத்தெட்டுப் பிள்ளைகள், ஓட்டுக் கூரை, ஜன்னலுக்கு வெளியே பேருந்து நிறுத்தம். பத்தாம் வகுப்புக்கு ஸ்பெஷல் கிளாஸ் வேறு. திங்கள் காலை நல்ல குரலோடு போவேன், வெள்ளி மாலை கரகரவென்று வருவேன். ஞாயிறு சரியாகிவிடும். அப்புறம் ஞாயிறும் சரியாகாமல் போனது. ஒரு மருத்துவமனையில் மூன்று மாதம் மாற்றி மாற்றி ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். ஒருவர்கூடத் தொண்டைக்குள் எட்டிப் பார்க்கவில்லை. வாயைத் திறந்து டார்ச் அடித்தால் தெரிவது உள்நாக்கும் டான்சிலும்தான், குரல்வளை அதற்கு ஒரு மாடி கீழே இருக்கிறது. எனக்கே அப்போது அது தெரியாது, பிறகு யாரைக் குறை சொல்ல?

பார்த்தவர் நான்காவது மருத்துவர், ஒரு அம்மா. நாக்கைத் துணியால் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு, வளைந்த குழாயை உள்ளே விட்டு "ஈஈஈ சொல்லுங்க டீச்சர்" என்றார். நாக்கு அவர் கையில், நான் எங்கே ஈ சொல்வது! திரையில் தெரிந்தது. முத்து வெள்ளையில் இரண்டு பட்டைகள், தலைகீழ் V மாதிரி. மூச்சு இழுத்தால் விரிகின்றன, ஈ என்றால் நடுக்கோட்டில் வந்து சேர்கின்றன. முழுதாகச் சேரவில்லை. இரண்டு பட்டையிலும் எதிரெதிரே அரிசி நொய் போல இரண்டு மேடு. அந்த மேடுகள்தான் முட்டின, முன்னும் பின்னும் இடைவெளி. அந்த இடைவெளியில் கசிந்த காற்றுதான் என் கரகரப்பு.

மண்வெட்டி பிடிக்கும் கை காய்த்துப் போவதில்லையா, அதுதான் இதுவும். நாணின் முன்பக்க மூன்றில் ஒரு பாகம் முடிகிற இடத்தில்தான் அடி அதிகம் விழும், அங்கேதான் காய்க்கும். பாடகர்கள், ஆசிரியைகள், கத்தி விளையாடும் பையன்கள் எல்லோருக்கும் அதே இடம்.

10 ஜூன், இரவு 9:55

கணக்கு டீச்சர் என்பதால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெண் பேசும்போது நாண்கள் நொடிக்குச் சுமார் 200 தடவை முட்டிக்கொள்கின்றன. 45 நிமிட வகுப்பு: 200 × 60 × 45 = 5,40,000. ஐந்து வகுப்புக்கு 27 லட்சம். நாளொன்றுக்கு 27 லட்சம் கைதட்டல்!

11 ஜூன், காலை 6:10

ஒரு பழைய மாணவனே தப்புப் பிடித்துவிட்டான். டீச்சர் 45 நிமிடமும் மூச்சு விடாமல் பேசுவாரா? கரும்பலகையில் எழுதும் நேரம், முறைக்கும் நேரம் எங்கே? வல்லின ஒற்று வரும்போதும் நாண் சும்மாதானே இருக்கும்? சரி, சரி. பாதி என்று வைத்தாலும் 13 லட்சம் சொச்சம். அது போதாதா.

ஆண்களுக்கு நொடிக்கு 100 முதல் 130 வரை. நாண் நீளம், தடிமன். பாட்டுத் தெரிந்தவர்களுக்கு வேறு விதமாகச் சொன்னால், ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆணின் ஆதார ஸட்ஜம் நொடிக்குச் சுமார் 131 அதிர்வு. ஐந்து கட்டையில் பாடும் பெண்ணுக்கு 196. அவர் மேல் ஸட்ஜம் தொடும்போது நாண்கள் 392 தடவை முட்டுகின்றன. நீளம் எவ்வளவு தெரியுமா? பெண்ணுக்கு ஒன்றரை சென்டிமீட்டர் போல, ஆணுக்கு இரண்டு சென்டிமீட்டர் போல. என் சுண்டுவிரல் நகத்தை விடக் கொஞ்சம் நீளம்.

12 ஜூன், மாலை 7:30

"நாண் என்றால் வீணைத் தந்தி மாதிரியா?" நானும் நேற்று வரை நாண் நாண் என்றே எழுதினேன். தந்தி என்று நினைத்தால் தப்பாகிவிடும். தந்திக்கு இரண்டு முனை கட்டியிருக்கும், நடுவில் சுற்றிலும் காற்று. இவை சுவரிலிருந்து நீளும் மடிப்புகள், உள்ளே தசை, மேலே ஈரமான மெல்லிய சவ்வு. மீட்ட ஆள் இல்லை, கீழிருந்து வரும் மூச்சுதான் பிளக்கிறது. பிளந்ததும் தன் இழுவிசையாலும் பாயும் காற்றாலும் திரும்பச் சேர்கிறது. குழந்தைகள் எச்சில் தெறிக்க உதட்டால் "புர்ர்ர்" விடுவார்களே, அதைத் தொண்டைக்குள் செய்தால் அதுதான் குரல். ஒவ்வொரு முட்டலுக்கும் மூளை தனித்தனியாக உத்தரவு போடுவதில்லை. போடுகிறது என்று 1950இல் பிரான்சில் ராவுல் யுசோன் ஒரு கொள்கையே வைத்தார், நிற்கவில்லை.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு உவமை வேண்டுமென்றால் நாதஸ்வரச் சீவாளி. இரண்டு இதழ், நடுவே மூச்சு. காவிரிக்கரை நாணலில் செய்வது. நாண் இல்லை, நாணல் என்று மாற்றிக்கொள்ளலாம்.

12 ஜூன், இரவு 10:40

நாதஸ்வரக்காரர் ஒருவர் வந்து திருத்தியிருக்கிறார், அவருக்கு வணக்கம். சீவாளி மட்டும் சுருதியைத் தீர்மானிப்பதில்லை, குழலின் நீளமும் துளைகளும்தான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. தொண்டையில் அப்படியில்லை. நாண்களை இழுத்து மெலியச் செய்தால் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும். மேலே இருக்கும் தொண்டை, வாய், மூக்கு எல்லாம் அந்த ஒலிக்கு நிறம் கொடுக்கும் அறைகள், அ இ உ ஆக்குபவை. உவமையைப் பாதி மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

14 ஜூன், காலை 6:00

இன்னொரு திருத்தம், இது நானே செய்வது. வேறொரு இடத்தில் "குரல்வளை எலும்பு" என்று எழுதிவிட்டேன். குரல்வளையில் எலும்பு கிடையாது. ஒன்பது குருத்தெலும்புகள், மூன்று ஒற்றை, மூன்று ஜோடி. முன்னால் துருத்தும் மேடு தைராய்டு குருத்தெலும்பு. நம் ஊரில் "சங்கைக் கடிச்சிடுவேன்" என்று மிரட்டுவார்களே, அந்தச் சங்கு. அதற்குக் கீழே முத்திரை மோதிரம் போன்ற வளையம். அந்த மோதிரத்தின் பின்பக்கம் உட்கார்ந்திருக்கும் இரண்டு குட்டிகள்தான் நாண்களைத் திறந்து மூடுகின்றன. இதற்கெல்லாம் மேலே ஒரு எலும்பு உண்டு, நாவடி எலும்பு. உடம்பில் வேறு எந்த எலும்போடும் மூட்டுப் போடாமல் தசைகளில் ஊஞ்சலாடுகிறது. ஆனால் அது குரல்வளைக்குள் சேர்த்தி இல்லை.

வயதானால் குருத்தெலும்பும் மெல்ல எலும்பாகும் என்பது உண்மைதான். எனவே நான் எழுதியது எழுபது வயதுக்காரருக்குப் பாதி சரி.

14 ஜூன், இரவு 9:00

பாலைப் பற்றி மறுபடி. நான் அன்று கொஞ்சம் அதிகமாகவே அடித்துப் பேசிவிட்டேன். மாமியார் படித்துவிட்டு முறைக்கிறார்.

நாணில் படாது என்பதில் மாற்றம் இல்லை. உப்புத் தண்ணீர்க் கொப்பளிப்பும் படாது. அதிமதுரமும் படாது. ஆனால் எனக்குச் சுகம் கொடுத்தது நிஜம். ஏன் என்று யோசித்தேன். தொண்டை கட்டும்போது நாம் ஓயாமல் கனைக்கிறோம். ஒவ்வொரு கனைப்பும் நாண்களை அறைந்து சாத்துவது. ஏற்கெனவே வீங்கியதை அறைந்தால்? மேலும் வீங்கும், மேலும் அடைத்தது போல இருக்கும், மேலும் கனைப்போம். ஒரு மடக்குப் பால் விழுங்கினால் அந்த அரிப்பு அடங்கி, கனைக்கத் தோன்றுவதில்லை. பனங்கற்கண்டு நாணுக்கு மருந்து போடவில்லை, அடிப்பவனை வேறு வேலைக்கு அனுப்புகிறது.

தண்ணீரும் அப்படித்தான். நேராக நனைக்காது. உடம்பில் நீர் இருந்தால் சவ்வு வழுவழுப்பாக இருக்கும்.

நேராகப் போய்த் தொடுவது ஆவி ஒன்றுதான், ஏனென்றால் அதை மூச்சாக இழுக்கிறோம். நொச்சி போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். கொதிக்கிற பாத்திரத்தைப் பிள்ளைகள் மடியில் வைக்காதீர்கள்.

ராத்திரி பத்து மணிக்குப் புரோட்டா தின்றுவிட்டுப் படுப்பவர்களுக்கு எந்தக் கஷாயமும் உதவாது. வயிற்று அமிலம் ஏறி வந்து பின்பக்கத்தைச் சிவக்க வைக்கும்.

18 ஜூன், மதியம் 3:15

"கடவுள் பேசுவதற்காகவே குரல்வளையைப் படைத்தார்" என்று ஒருவர். அது காவல்காரன் சார். பேச்சு அவன் ஓய்வு நேரத்தில் ஊதும் விசில்.

என் சித்தப்பாவை வைத்துச் சொல்கிறேன். நெல் மூட்டை தூக்குபவர். 75 கிலோ மூட்டையை முதுகில் ஏற்றும்போது "ம்க்" என்று ஒரு சத்தம் வரும், மூட்டை தூக்குகிற எல்லோருக்கும் வரும். அது குரல்வளை இறுகச் சாத்தும் சத்தம். சாத்தினால்தான் நெஞ்சுக்குள் காற்று அடைபட்டு உடம்பு தூண் மாதிரி நிற்கும், கைக்குப் பலம் கிடைக்கும். பிரசவத்தில் முக்குவதும், காலையில் முக்குவதும் அதே கதவைச் சாத்தித்தான்.

அவருக்குப் பீடி. ஆறு மாதம் குரல் கரகரத்தது, சளி என்று சொல்லிக்கொண்டிருந்தார். பார்த்தபோது நாணில் புற்று, அதற்குள் பரவிவிட்டது. ஆரம்பத்திலேயே வந்திருந்தால் கதிர்வீச்சோடு குரலும் பிழைத்திருக்கும் என்றார்கள். நாணில் வரும் புற்று ஒரு விதத்தில் நேர்மையானது, சின்னதாக இருக்கும்போதே குரலை மாற்றிக் காட்டிக்கொடுத்துவிடும். கேட்கிறவர்தான் இல்லை.

குரல்வளையை முழுதாக எடுத்தார்கள். புற்றுக்காக இந்த அறுவையை முதன்முதலில் 1873 டிசம்பர் 31 அன்று வியன்னாவில் தியோடர் பில்ராத் செய்தாராம், வருடக் கடைசி நாளில். சித்தப்பாவுக்குக் கழுத்தின் அடியில் துளை. மூச்சு அதன் வழிதான். நாங்கள் எல்லோரும் பேச்சு போய்விட்டதே என்றுதான் அழுதோம். அவருக்குப் போனவை வேறு. சூடான டீயை ஊதி ஆற்ற முடியாது, வாயில் காற்றே வராது. சாம்பார் மணம் தெரியாது. தும்மல் கழுத்து வழியாக வரும். ஆற்றில் முங்க முடியாது. மூட்டையைத் தூக்கப் போனார், முட்டியளவுகூட எழவில்லை. சாத்துவதற்குக் கதவு இல்லை. அன்றைக்குத்தான் அவர் அழுதார், சத்தம் இல்லாமல்.

பேச்சு ஒரு வகையில் திரும்ப வந்தது. மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே ஒரு சின்ன வால்வு வைத்தார்கள். துளையை விரலால் பொத்தினால் காற்று உணவுக்குழாய்க்குள் போய் அதன் சுவரை அதிர வைக்கும். வெளிநாட்டு வால்வு பல ஆயிரம் ரூபாய். பெங்களூரு மருத்துவர் விஷால் ராவ் ஐம்பது ரூபாய் அளவில் ஒன்றை உருவாக்கியது இதனால்தான் பெரிய விஷயம். சித்தப்பா இப்போது ஏப்பம் விடுகிற மாதிரிப் பேசுவார். முதல் வார்த்தை சித்தியைத் திட்டியது.

19 ஜூன், காலை 5:45

நேற்று எழுதியது கனமாகிவிட்டது. இது லேசானது.

மகரக்கட்டு என்ற சொல் இன்னும் புழக்கத்தில் இருக்கிறதா? பையன்களுக்குக் குரல் உடையும் பருவத்துக்கு அந்தக் கால நாடகக் கம்பெனிகளில் சொல்வார்கள். ஸ்திரீ பார்ட் போட்ட பையனுக்கு மகரக்கட்டு வந்தால் வேஷம் போய்விடும். மைக் இல்லாத காலம், கடைசி வரிசைக்குக் கேட்க நாலு கட்டை ஐந்து கட்டையில் பாடியவர்கள். அந்தக் குரல் ஒரே மாதத்தில் பானை உடைந்த மாதிரி ஆனால் முதலாளி என்ன செய்வார்? அந்தப் பருவத்தில் சங்கு முன்னால் வளர்கிறது, நாண் நீள்கிறது, சுருதி ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்குகிறது. பெண் பிள்ளைகளுக்கும் கொஞ்சம் இறங்கும், யாரும் கவனிப்பதில்லை.

என் வகுப்பில் ஒரு பையன், மீசை வந்தும் கீச்சுக் குரல். பிள்ளைகள் படுத்தினார்கள், அவன் வாயைத் திறப்பதையே விட்டுவிட்டான். எனக்குச் சிகிச்சை கொடுத்த பேச்சுப் பயிற்சியாளரிடமே அனுப்பினேன். அவர் சங்கின் மேல் விரலை வைத்து லேசாகக் கீழே அமுக்கி, "இருமிக்கிட்டே ஆ சொல்லு" என்றார். உள்ளேயிருந்து ஒரு மாமா பேசினார்! பையன் அரண்டுபோய் வாயைப் பொத்திக்கொண்டான். உறுப்பு வளர்ந்துவிட்டது, பழைய பழக்கம் மட்டும் போகவில்லை, அவ்வளவுதான். சில அமர்வுகளில் நிலைத்துவிட்டது. பாட்டிக்குப் போன் போட்டிருக்கிறான். "ராங் நம்பர்" என்று வைத்துவிட்டாராம்.

19 ஜூன், இரவு 9:30

எம்.ஜி.ஆர். குரல்வளையில் குண்டு பாய்ந்தது என்று கீழே எழுதியவருக்கு: 1967 ஜனவரி 12 அன்று குண்டு பாய்ந்தது இடது காதருகே, தங்கியது கழுத்தில். அதற்குப் பிறகு பேச்சு மாறியது எல்லோருக்கும் தெரியும். சங்கில் பாயவில்லை. இதோடு விடுங்கள், இல்லாவிட்டால் இது அரசியல் திண்ணை ஆகிவிடும்.

22 ஜூன், காலை 6:20

தைராய்டு அறுவைக்குப் பிறகு அக்காவுக்குக் குரல் போய்விட்டது, தொண்டை நாணையா வெட்டினார்கள் என்று கேட்டவருக்கு. நாணை அல்ல. நாணை அசைக்கும் நரம்பு தைராய்டு சுரப்பியின் முதுகை ஒட்டித்தான் போகிறது. இழுபட்டாலே கொஞ்ச காலம் வேலை செய்யாது, பல பேருக்குத் திரும்பும்.

அந்த நரம்பின் பாதை ஒரு கூத்து. மூளையிலிருந்து கிளம்பிக் கழுத்து வழியாக வருகிறது, குரல்வளை பக்கத்திலேயே இருக்கிறது, இறங்க மாட்டேன் என்று நேராக நெஞ்சுக்குள் போய், இடப்பக்கம் இருப்பது இதயத்தின் பெருந்தமனியைச் சுற்றி வளைந்து, மறுபடி மேலே ஏறிக் குரல்வளைக்கு வருகிறது. வலப்பக்கத்தது தோள்பக்கத் தமனியைச் சுற்றியே திரும்பிவிடும், அவ்வளவு ஆழம் போவதில்லை. மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் போகச் சென்னை சுற்றுகிற மாதிரி. ஒட்டகச்சிவிங்கிக்கு இதே சுற்று நாலு மீட்டருக்கு மேல். பன்றியின் இந்த நரம்பை வெட்டினால் கத்தல் நின்றுவிடும் என்று ரோமாபுரியில் காலன் என்ற வைத்தியர் இரண்டாம் நூற்றாண்டிலேயே கூட்டத்துக்கு நடுவே செய்து காட்டினார்.

22 ஜூன், காலை 6:50

மேலே எழுதிவிட்டு டீ போடப் போனேன். பாதியில் திரும்பி வந்தேன்.

தம்பி, முதல் கேள்வி கேட்டவரே, இருக்கிறீர்களா? உங்கள் கேள்வியை இப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். "தண்ணீர் குடித்தால் அடிக்கடி புரையேறுகிறது." நான் அதைத் தாண்டிப்போய்ப் புரையேறுவதைப் பற்றி நகைச்சுவை எழுதியிருக்கிறேன். காற்றிறங்கின குரலும் புரையும் சேர்ந்து வந்தால் ஒரு பக்கக் கதவு சாத்தாமல் இருக்கலாம். அப்படியென்றால் சங்கதி தொண்டையில் இல்லாமல் அந்த நரம்பு போகிற வழியில் எங்காவது இருக்கலாம். நான் சொல்வதை நம்ப வேண்டாம், பார்க்கச் சொல்லுங்கள். போனீர்களா இல்லையா என்று மட்டும் எழுதுங்கள்.

29 ஜூன், இரவு 10:05

எழுதியிருக்கிறார். போனார்கள். இடது நாண் அசையவில்லை. மருத்துவர் தொண்டைக்கு மருந்து எழுதாமல் நெஞ்சுக்கு ஸ்கேன் எழுதிக் கொடுத்திருக்கிறார். "தொண்டைக்கு வந்தால் நெஞ்சை எதுக்குப் படம் எடுக்கிறாங்க, காசு பிடுங்கவா" என்று அப்பா சண்டை போட்டாராம். மகன் ஒட்டகச்சிவிங்கியைச் சொல்லிச் சமாளித்திருக்கிறார்.

2 ஜூலை, காலை 6:00

காத்திருக்கும் நேரத்தில் பிறர் கேட்டவை.

குசுகுசுவென்று பேசினால் ஓய்வுதானே? பலர் குசுகுசுப்பதற்கே நாண்களை இறுக்குகிறார்கள். பேசாமல் இருப்பதுதான் ஓய்வு. எனக்கு என்ன செய்தார்கள்? கத்தி வைக்கவில்லை. அரை டம்ளர் தண்ணீரில் உறிஞ்சுகுழல் வைத்து, குமிழி வர "ஊஊ" என்று பத்து நிமிடம், நாளைக்கு நாலு தடவை. வாயில் தடை இருந்தால் நாண்கள் மெத்தென்று முட்டும். இரண்டு மாதத்தில் நொய் குறுணை ஆயிற்று, ஆறாவது மாதம் தேடினால்தான் தெரிந்தது. இடுப்பில் கட்டும் மைக் வாங்கினேன். தலைமையாசிரியர் "உரம் விக்கப் போறீங்களா டீச்சர்" என்றார். பிள்ளைகள் வைத்த பெயர் மைக் மேடம். சிக்கல் என்னவென்றால் மைக்கை அணைக்க மறந்து ஆசிரியர் அறையில் பேசியது ஒன்பதாம் வகுப்பு வரை கேட்டது.

உயிரோடு இருப்பவரின் குரல்வளை வேலை செய்வதைத் தெளிவாகப் பார்த்து எழுதிவைத்தவரும் ஒரு வாத்தியார்தான், மனுவேல் கார்சியா, பாட்டு வாத்தியார். 1854இல் பல் மருத்துவரின் குட்டிக் கண்ணாடியை வாய்க்குள் வைத்து, வெயிலைப் பிரதிபலித்து, தன் தொண்டையைத் தானே பார்த்தார். மூன்று மாத ஆன்டிபயாடிக்கை நினைக்கும்போதெல்லாம் அந்த மனிதர் ஞாபகம் வருகிறார். ஒரு கண்ணாடி.

21 ஜூலை, இரவு 8:40

காசநோய். நெஞ்சுக்குள் நெறிக்கட்டிகள் வீங்கி இடப்பக்க நரம்பை அழுத்தியிருக்கின்றன. புற்று இல்லை. ஆறு மாத மாத்திரை, அரசாங்கத்தில் இலவசம். தண்ணீர் குடிக்கும்போது தாடையைக் கீழே தாழ்த்திக் குடிக்கச் சொல்லியிருக்கிறார்களாம். அண்ணாந்து அல்ல, கவனியுங்கள்.

3 பிப்ரவரி 2024, மாலை 6:10

தம்பி எழுதினார். மாத்திரை முடிந்தது. இடது நாண் இன்னும் முழுதாக அசையவில்லை, ஆனால் வலது நாண் நடுக்கோட்டைத் தாண்டிப் போய் அதைத் தொடப் பழகிவிட்டது. புரையேறுவது நின்றுவிட்டது. வீட்டில் பேசுவதற்குப் போதுமான குரல், தெருவில் கூவுவதற்குப் போதாது. அதனால் மகன் தன் குரலைப் பதிந்து வண்டியில் ஒலிபெருக்கி கட்டிக் கொடுத்திருக்கிறார். அப்பாவுக்குத் திருப்தி இல்லையாம். "வெங்காயத்துல 'கா' இன்னும் நீளணும்டா, மூணாவது வீட்டோட நின்னுடுது" என்று மூன்று தடவை மாற்றிப் பதிய வைத்திருக்கிறார்.